பின்ஹப்பும் ஒற்றைப் பல்சக்கரமும்

கியர் மாற்றும் வசதியுள்ள மிதிவண்டியில் பின்சக்கரத்துப் பல்சக்கரம் ஒன்று சாலைக்கு ஒத்துவராதபோது செயினை அடுத்ததற்குத் தள்ளிவிட முடியும் என்பதால், வாங்கும்போது செய்த தேர்வு நல்லதா அல்லதா என்பது பெரும்பாலும் தெரியாமலே போய்விடுகிறது. முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டே பல்சக்கரங்களோடு ஓடும் வண்டியில் அப்படி ஒதுங்க இடமில்லை. மேடு, சரிவு, எதிர்காற்று, திடீர் நிறுத்தம் அனைத்தையும் அந்த ஒரு சோடியும் அதைத் தாங்கும் பின்ஹப்பும்தான் ஏற்க வேண்டும். இத்தகைய வண்டிகளில் இரு வகை உண்டு. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்போக்கில் உருள இடம்தரும் பிரீவீல் பொருத்தியது சிங்கிள் ஸ்பீடு. தமிழ்நாட்டுத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய கறுப்புச் சைக்கிள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. பல்சக்கரம் ஹப்போடு அசையாமல் பூட்டப்பட்டு, சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டே இருப்பது பிக்ஸட் கியர். வட்டத்தடப் பந்தய வண்டிகள் இன்றுவரை இவ்வாறே அமைகின்றன.

இவ்விரு வகை வண்டிகளையும் கட்ட விரும்புவோர் பெரும்பாலும் பற்களின் எண்ணிக்கையிலிருந்தே பேச்சைத் தொடங்குகின்றனர்: பின்னால் 16 பல்லா, 17 பல்லா, 18 பல்லா என்பதே முதல் கேள்வி. இக்கட்டுரையாசிரியர் கும்பகோணத்திலும் லண்டனிலும் பின்னர்ச் சென்னையிலும் கண்டவை அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கின்றன. பல்சக்கரம் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய்க்குள் மாற்றிக்கொள்ளத்தக்கது, பத்து நிமிட வேலை. ஹப்போ கம்பிகள் கோத்து, கோட்டம் எடுத்து, சக்கரமாகிவிட்ட பிறகு எளிதில் மாற்ற முடியாதது. அதனால் பணமும் கவனமும் முதலில் ஹப்பின் மரையில் செலவாக வேண்டும். பற்களின் எண்ணிக்கை ஓட்டிப் பார்த்துக் கற்கவேண்டிய ஒன்று.

1980களின் கும்பகோணத்தில் ஆண்டுக்கொரு முறை வண்டியை முழுக்கப் பிரித்துத் துடைத்து மாட்டும் வேலைக்கு 'ஓவராயில்' என்று பெயர். அந்த நாளில் பிரீவீல் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக் கிடக்கும். அதன் முகத்து மூடித்தட்டில் இரு சிறு குழிகள் உண்டு. குழியில் உளியை வைத்துச் சுத்தியால் தட்டினால் மூடி, வழக்கமான மரைக்கு எதிர்த்திசையில், வலப்புறமாகச் சுழன்று கழலும். உள்ளே மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள குண்டுகள் இரு வரிசையாகவும், மயிரிழை போன்ற ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் வெளியே எட்டிப்பார்க்கும் இரண்டு நாக்குகளும் இருக்கும். முன்னோக்கி மிதிக்கையில் அந்த நாக்குகள் வெளிவளையத்தின் பள்ளங்களில் மாட்டிக்கொண்டு ஹப்பை இழுக்கின்றன; மிதிப்பது நின்றதும் பள்ளங்களின் மேல் வழுக்கி ஓடிக் கிர்ரென்று ஒலிக்கின்றன. ஒரு நாக்கின் ஸ்பிரிங் ஒடிந்துவிட்டால் மிதி திடீரென்று காற்றில் இறங்கும். ஏறி நின்று மிதிப்பவர் கம்பியில் மோதிக்கொள்வார். கடைக்காரர் ஒவ்வொரு நாக்கையும் விரல் நுனியால் அமுக்கி விட்டுப் பார்த்து, அது நிமிரும் வேகத்தைக் கொண்டே ஸ்பிரிங்கின் ஆயுளைச் சொல்லிவிடுவதைச் சிறுவயதில் இக்கட்டுரையாசிரியர் பலமுறை அருகிருந்து பார்த்திருக்கிறார்.

அந்தக் கறுப்புச் சைக்கிள்களின் ஹப்பில் பிரீவீலுக்கென ஒரே ஒரு மரைதான் வெட்டப்பட்டிருந்தது. வேறு பூட்டு எதுவும் கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. ஒவ்வொரு மிதியும் பிரீவீலை முன்னோக்கி முறுக்கி மேலும் இறுக்குகிறது, மிதிக்காதபோது நாக்குகள் வழுக்கிவிடுவதால் பின்னோக்கிக் கழற்றும் விசை ஏதும் எழுவதில்லை. ஆண்டுக்கணக்கில் இறுகிய பிரீவீலைக் கழற்ற வைஸில் கருவியைப் பிடித்து, முழுச் சக்கரத்தையும் கைப்பிடியாகக் கொண்டு இருவர் திருக வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே.

பிக்ஸட் கியரில் நிலைமை முற்றிலும் வேறு. தெற்கு லண்டனில் 1891இல் திறக்கப்பட்டு, 1948 ஒலிம்பிக்கின் வட்டத்தடப் போட்டிகள் நடந்த ஹெர்ன் ஹில் தடத்தில்தான் இக்கட்டுரையாசிரியர் அத்தகைய வண்டியில் முதன்முதலாக ஏறினார். பிரேக்கே இல்லாத அந்த வாடகை வண்டியில், வளைவு முடிந்து மிதிப்பதைத் தளர்த்தலாம் என்று கால் எண்ணிய நொடியில் மிதி காலைத் தூக்கிக்கொண்டு சுழன்றது; வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மேலே வரும் மிதியை உள்ளங்காலால் எதிர்த்து அழுத்த வேண்டியிருந்தது. அந்த எதிர்ப்பு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியை இயந்திரவியலாகப் பார்த்தால், செயினின் மேல்பகுதி தளர்ந்து கீழ்ப்பகுதி விறைக்கிறது, பல்சக்கரம் பின்னோக்கி இழுபடுகிறது, அதாவது மரையிலிருந்து கழல முயல்கிறது. ஓட்டுபவரின் உடல் எடையும் வண்டியின் வேகமும் சேர்ந்து, நிற்க விரும்பும் ஒவ்வொரு முறையும் பல்சக்கரத்தைக் கழற்றப் பார்க்கின்றன.

இதைத் தடுப்பதற்கு வட்டத்தட ஹப்பில் இரண்டு மரைகள் படிபோல அடுத்தடுத்து வெட்டப்பட்டுள்ளன. உட்புறப் பெரிய படி வழக்கமான வலமரை, விட்டம் 1.37 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34.8 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 புரிகள். பல்சக்கரம் இதில் ஏறுகிறது. வெளிப்புறச் சிறிய படி இடமரை, விட்டம் 1.29 அங்குலம், புரிகள் அதே 24. இதில் லாக்ரிங் எனப்படும் பூட்டு வளையம் எதிர்த்திசையில் திருகப்படுகிறது. பல்சக்கரம் பின்னோக்கிக் கழலத் தொடங்கினால் தன்னை ஒட்டியிருக்கும் லாக்ரிங்கையும் அதே திசையில் இழுக்கும். ஆனால் பல்சக்கரத்துக்குக் கழலும் திசை எதுவோ அதுவே லாக்ரிங்குக்கு இறுகும் திசை. ஒன்று விலக முனைவதே மற்றொன்றை நெருக்கிப் பூட்டுகிறது. மிதிவண்டியின் உறுப்புகளில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு அறிவும் ஒருசேர அமைந்த இடங்கள் வெகு சில என்பது இக்கட்டுரையாசிரியரின் உறுதியான கருத்து.

மரையின் அளவு எல்லா நாட்டு ஹப்புகளுக்கும் ஒன்றல்ல என்பதும் வாங்குவோர் அறியவேண்டியது. மேலே சொன்னது ஆங்கிலேய, ஜப்பானிய அளவு. இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை இதையே பின்பற்றுகின்றன. பழைய இத்தாலிய கம்பக்னோலோ ஹப்பில் லாக்ரிங்கின் படி 1.32 அங்குலம். இத்தாலிய லாக்ரிங்கை ஆங்கில அளவு ஹப்பில் மாட்டினால் அது உள்ளே போகும், கையால் திருக இறுகியதுபோலவும் தோன்றும். உண்மையில் புரிகளின் நுனி மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். பழைய பிரெஞ்சு ஹப்புகளோ மெட்ரிக் அளவில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளிப் புரிகளோடு வெட்டப்பட்டவை. பழம்பொருள் சந்தையில் அழகான ஹப் ஒன்று கிடைத்தால், அதன் லாக்ரிங்கும் கூடவே கிடைத்தாலன்றி வாங்காமல் இருப்பது நல்லது.

லாக்ரிங் படியே இல்லாத பழைய பிரீவீல் ஹப்பிலும் பிக்ஸட் பல்சக்கரத்தை ஏற்றிவிட முடியும், மரை ஒன்றே. மிதிவண்டியின் கீழ்க்கட்டு அச்சுக்குரிய வளையமும் இதே 1.37 அங்குல அளவு என்பதால் அதைப் பூட்டாகத் திருகிவிடுவோரும், மரைப்பசையை ஊற்றி ஒட்டிவிடுவோரும் உண்டு. அவ்வளையமும் வலமரையே ஆதலால் பல்சக்கரம் கழலும்போது அதுவும் சேர்ந்தே கழலும். ஆங்கிலம் பேசும் ஓட்டுநர்களிடையே இவ்வமைப்புக்குத் 'தற்கொலை ஹப்' என்ற பெயர் வழங்குகிறது. முன்சக்கரத்தில் நல்ல பிரேக் இருந்து, கால்களால் வண்டியை நிறுத்தும் பழக்கமும் இல்லாதவர் இதில் ஆண்டுகள் பல ஓட்டியிருக்கக்கூடும். எனினும் இறக்கத்தில் பல்சக்கரம் சுற்றிக் கழன்று, செயின் கம்பிகளுக்குள் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும் வாய்ப்பு உள்ளவரை இதைப் பரிந்துரைக்க இடமில்லை.

சரியான இரட்டை மரை இருந்தும் தரம் குறைந்த ஹப் கைவிடுவதுண்டு. இக்கட்டுரையாசிரியர் லண்டனில் முழுவண்டியாக வாங்கிய மலிவான பிக்ஸட் கியர் ஒன்றில், தயாரிப்பாளர் பொருத்தியிருந்த ஹப்பின் அலுமினிய மரை ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருந்தது; பல்சக்கரமோ எஃகு. முதல் குளிர்காலம் முடியுமுன்பே, காலை எதிர்த்து அழுத்தும்போதெல்லாம் மெல்லிய ஒரு 'கிட்' கேட்டது. பிறகு கழற்றிப் பார்த்தபோது லாக்ரிங்கோடு வெள்ளி நூல் போன்ற அலுமினியச் சுருள் வெளியே வந்தது, புரிகள் உரிந்துபோயிருந்தன. இதன் காரணம் விசையின் அளவைவிடத் தளர்ச்சியே. பல்சக்கரம் ஒரு மயிரிழை முன்னும் பின்னும் அசைய இடம் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு அசைவும் எஃகு அரம்போல மென்மையான உலோகத்தைத் தேய்க்கிறது. ஆகவே ஹப்பைத் தேர்ந்தெடுக்கையில் மரையின் அகலத்தையும் ஆழத்தையும் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். பல்சக்கரத்தின் உட்புற மரையும் அதன் முழுக் கனத்துக்கும் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஷிமானோவின் டூரா ஏஸ் வட்டத்தடப் பல்சக்கரங்கள், கலிபோர்னியாவின் பில் வுட் நிறுவனத்துப் பல்சக்கரங்கள் ஆகியவை விலை மிகுந்தும் விரும்பப்படுவதற்கு இந்த மரையின் நேர்த்தியே காரணம்.

பொருத்தும் முறையிலும் ஹப்பின் ஆயுள் அடங்கியிருக்கிறது. தெற்கு லண்டனின் சமூகப் பட்டறை ஒன்றில், சக்கரம் கட்டக் கற்றுத்தந்த முதியவர் புதுப் பல்சக்கரத்தை ஒருபோதும் நேரடியாக முன்னோக்கித் திருகியதில்லை. முதலில் ஹப்பின் மரையைப் பழந்துணியால் துடைத்து, நுனிவிரலில் எடுத்த கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுவார். பல்சக்கரத்தை மரைமேல் மட்டமாக அமர்த்தி, பின்னோக்கி மெதுவாகச் சுற்றுவார். இரு மரைகளின் வாய்களும் சந்திக்கும் இடத்தில் அது 'டக்' என ஓர் இழை கீழே இறங்கும். அதன்பிறகே முன்னோக்கித் திருகுவார். அப்போது பல்சக்கரம் விரல்களின் வலிமையாலேயே அடிவரை போய்ச் சேர வேண்டும்; இடையில் இறுக்கம் தெரிந்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள், உடனே கழற்றிவிட வேண்டும். அடிவரை போனபின் செயின்துண்டு பொருத்திய நீண்ட கைப்பிடியால் இறுக்கி, கொக்கி ஸ்பேனரால் லாக்ரிங்கை எதிர்த்திசையில் இறுக்குவர். செயின்துண்டுக் கைப்பிடி இல்லாதவர்கள் வண்டியின் செயினையே பல்சக்கரத்தில் மாட்டி, அதன் மறுபகுதியைத் துணி சுற்றிய கீழ்க்கட்டுக் குழாயில் சுற்றிப் பிடித்து, சக்கரத்தை உருட்டி இறுக்கும் முறையும் உண்டு. ரோட்டாஃபிக்ஸ் என்று அதற்குப் பெயர். சக்கரமே நெம்புகோலாகிவிடுவதால் இதில் கிடைக்கும் இறுக்கம் எந்தக் கைக்கருவியிலும் கிடைக்காது. எப்படி இறுக்கினாலும், சிறிது தூரம் மேடேறி மிதித்துவிட்டு வந்து லாக்ரிங்கை மீண்டும் ஒருமுறை இறுக்குவது கட்டாயம்; மிதியின் விசை பல்சக்கரத்தை மேலும் உள்ளே தள்ளிவிடுவதால் லாக்ரிங்கோடு இடைவெளி விழுந்திருக்கும்.

மரைக்கு அடுத்தது ஹப்பின் அகலம். பின் ஃபோர்க்கின் இரு முனைகளுக்கும் இடையே ஹப் அமரவேண்டிய தூரம் வட்டத்தட வண்டிகளில் 120 மில்லிமீட்டர், பழைய பிரிட்டிஷ் வட்டத்தட வண்டிகளில் 110, ஆறு, ஏழு பல்சக்கரக் காலத்துச் சாலை வண்டிகளில் 126, பிற்காலத்தவற்றில் 130, மலைவண்டிகளில் 135. ஃபோர்க் எஃகாலானதாக இருந்தால் 126 இடைவெளியில் 120 ஹப்பை, பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளையம் சேர்த்து, எளிதில் அமர்த்தலாம். இதைவிட முக்கியம் அச்சு நுழையும் பிளவின் திசை. ஒற்றைப் பல்சக்கர வண்டியில் செயினை இறுக்கித்தர வேறு உறுப்பு இல்லாததால் சக்கரத்தையே முன்பின் நகர்த்தி இறுக்க வேண்டும். பிளவு கிடைமட்டமாக இருந்தால்தான் அது நடக்கும். பிளவு செங்குத்தாக உள்ள நவீனச் சட்டங்களில் சிங்கிள் ஸ்பீடுக்குச் செயின் இறுக்கி பொருத்திக்கொள்ளலாம், பிக்ஸட் கியருக்கு அதுவும் ஆகாது. எதிர்த்து அழுத்தும்போது கீழ்ச்செயின் விறைத்து அந்தக் கருவியை உடைத்துவிடும். அச்சு மையம் விலகி அமைந்த வொயிட் இண்டஸ்ட்ரீஸின் ஈனோ ஹப் இந்தச் சிக்கலுக்கென்றே செய்யப்பட்டது. நல்ல சாதனம்தான், ஆனால் கிடைமட்டப் பிளவுள்ள பழைய எஃகுச் சட்டம் அதைவிடக் குறைந்த விலைக்கு எந்த ஊரிலும் கிடைக்கும்.

இரு பக்கமும் மரை கொண்ட ஹப்புக்கு ஃபிளிப் ஃப்ளாப் என்று பெயர். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் மறுபக்கத்துப் பல்சக்கரம் செயினுக்கு வரும். ஒரு பக்கம் பிக்ஸட், மறுபக்கம் பிரீவீல் என்பதும் உண்டு, இரு பக்கமும் பிக்ஸட் மரை என்பதும் உண்டு. இது இன்றைய நகரத்து நாகரிகம் அன்று. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவி 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. அதுவரை ஓட்டுநர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்துத் திருகுகளைக் கையால் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு மலையேறினர். குளிரில் விறைத்த விரல்களுக்காகவே அந்தத் திருகுகள் காதுகள் வைத்தவையாக இருந்தன. பந்தயத்தின் நிறுவனர் ஆன்றி தெகிரான்ஜ் கியர் மாற்றிகளை விடாப்பிடியாக எதிர்த்தவர். அந்தப் பிடிவாதத்தின் நற்பயனாக இரட்டைப்பக்க ஹப் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகின் கடுமையான மலைகளில் சோதிக்கப்பட்டது. புதிதாகப் பழகுவோர் பிக்ஸட், பிரீவீல் சேர்ந்த ஹப்பையே வாங்க வேண்டும். முழங்கால் நோகும் நாளில் திருப்பி மாட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். பிக்ஸட் பக்கத்தின் மரையிலும் பிரீவீல் ஏறும், அளவு ஒன்றே என்பதால் இரு பக்கமும் பிக்ஸட் மரை கொண்ட ஹப் இன்னும் பயனுள்ளது. ஆனால் பிரீவீல் பக்கத்து ஒற்றை மரையில் பிக்ஸட் பல்சக்கரத்தை ஏற்றலாகாது.

பேரிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கப்பும் கோனும் தனிக்குண்டுகளும் கொண்ட பழைய முறையில் பின்ஹப்பின் பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டுகள் ஒன்பது இருக்கும். ஆண்டுக்கொரு முறை கிரீஸ் மாற்றினால் தலைமுறை தாண்டி உழைக்கும். 1948இல் ஜப்பானின் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்துக்கென முத்திரை பெற்ற ஹப்புகளில் புகழ்பெற்றவை இவ்வகையே. அடைத்த பேரிங் மழைக்கும் சேற்றுக்கும் உகந்தது. தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அமர்த்த வேண்டியதுதான். அச்சு குழாயாக இல்லாமல் கெட்டியான எஃகாக, இருபுறமும் நட்டு போட்டு இறுக்குவதாக இருக்க வேண்டும்; காலின் முழு விசையும் செயின் வழியாக அச்சை முன்னோக்கி இழுக்கும்போது நெம்பிப் பூட்டும் வகை அச்சு பல சட்டங்களில் வழுக்கிவிடுகிறது.

பல்சக்கரத்துக்கு வருகையில் முதலில் பார்க்கவேண்டியது பல்லின் கனம். மிதிவண்டிச் செயின்கள் அனைத்திலும் ஊசிக்கு ஊசி தூரம் அரை அங்குலமே, அகலம்தான் வேறுபடுகிறது. வட்டத்தட வண்டிகளும் நம் ஊர்ச் சைக்கிள்களும் எட்டில் ஒரு பங்கு அங்குல அகலச் செயினில் ஓடுகின்றன. கியர் வண்டிகளின் வழிவந்தவை முப்பத்திரண்டில் மூன்று பங்கு அங்குலச் செயினில் ஓடுகின்றன. மெல்லிய பல்லின்மேல் அகலமான செயின் ஓடும், சற்றுச் சத்தமிடும். கனத்த பல்லில் மெல்லிய செயின் ஏறவே ஏறாது. எனவே முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் ஒரே அகலத்தில் வாங்குவதே முறை. அடுத்து, முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் வண்டியின் நடுத்தளத்திலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். இத்தூரத்துக்குச் செயின்லைன் என்று பெயர். வட்டத்தட ஹப்பில் இது 42 மில்லிமீட்டர். பழைய சாலை வண்டியின் இரட்டை முன் பல்சக்கரங்களில் உட்பக்கத்தது ஏறத்தாழ இந்த இடத்தில் நிற்பதால், வெளிப்புறத்ததைக் கழற்றிவிட்டு உட்புறத்தில் ஒற்றைப் பல்சக்கரத்தைப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். ஓரிரு மில்லிமீட்டர் விலகலைச் செயின் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஒலியாலேயே அறிவித்துவிடும். பிக்ஸட் கியரில் செயின் கழல்வது சிங்கிள் ஸ்பீடில் கழல்வதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது என்பதால் இந்த ஒலியை அலட்சியம் செய்தலாகாது. செயினின் தொய்வு மேலும் கீழுமாக அரை அங்குலம் அளவுக்கு இருந்தால் போதும். மிதியைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் முன் பல்சக்கரம் மையம் விலகியிருக்கிறது; அதன் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, செயின் இறுகும் இடத்தில் மெதுவாகத் தட்டி, மீண்டும் இறுக்கும் எளிய வழியை அமெரிக்காவின் ஷெல்டன் பிரவுன் (1944–2008) எழுதிப் பரப்பினார்; பிக்ஸட் கியர் அறிவைப் பொதுச்சொத்தாக்கியவர்களுள் அவருக்கு நிகரானவர் இல்லை.

இனிப் பற்களின் எண்ணிக்கை. முன் பற்களைப் பின் பற்களால் வகுத்துச் சக்கர விட்டத்தின் அங்குலத்தால் பெருக்கி வரும் எண்ணைக் கியர் அங்குலம் என்பர். 27 அங்குலச் சக்கரத்தில் 48க்கு 16 என்பது 81 அங்குலம். 42க்கு 16 என்பது ஏறத்தாழ 71. 46க்கு 18 என்பது 69. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் 81 அங்குலத்தில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்திலும் 70 அங்குலத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வார். சமவெளியில் பெரிய எண் கவர்ச்சியாகத் தோன்றும். தடத்தில் அது சரியும்கூட. சாலையிலோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்று புறப்பட வேண்டும். 81 அங்குலத்தில் புறப்படும் ஒவ்வொரு முறையும் அதன் விலையை முழங்கால்தான் கொடுக்கிறது. மறுபுறம், 70 அங்குலத்தில் இறக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகம் எட்டினால் பிக்ஸட் கியர் ஓட்டுபவரின் கால்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சுற்றுகள் சுழன்றாக வேண்டும். பழகாதவர் இருக்கையில் குதிக்கத் தொடங்குவார். பின்னால் ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ ஆறு விழுக்காடு மாறுகிறது. முன்னால் ஒரு பல் மாறினால் இரண்டு விழுக்காடுதான். ஆகவே பெரிய திருத்தத்தைப் பின்னாலும் நுண்ணிய திருத்தத்தை முன்னாலும் செய்ய வேண்டும். பின்னால் ஒரு பல் மாற, அச்சு மூன்று மில்லிமீட்டர் அளவே நகரும். பெரும்பாலான பிளவுகள் அந்த மாற்றத்துக்கு இடம்தரும்.

பின்சக்கரத்தைக் காலாலேயே பூட்டிச் சறுக்கி நிறுத்தும் பழக்கமுடையோருக்கு வேறொரு கணக்கும் உண்டு. சறுக்கும்போது மிதிகள் எப்போதும் ஒரே நிலையில் நிற்பதால் டயரின் சில இடங்கள் மட்டுமே தரையில் தேய்கின்றன. பின்னத்தைச் சுருக்கியபின் கீழே நிற்கும் எண்ணே அந்த இடங்களின் எண்ணிக்கை. 48க்கு 16 சுருங்கி மூன்றுக்கு ஒன்று ஆகிவிடுவதால் டயரின் ஒரே இடம் தேய்ந்து, விரைவில் உள்நூல் தெரியத் தொடங்கும். 48க்கு 17 என்றால் தேய்மானம் பதினேழு இடங்களுக்குப் பகிரப்படும். 17 பகா எண்ணாக இருப்பதே கடைகளில் 17 பல் சக்கரம் விரைந்து விற்றுத் தீர்வதற்குப் பெருங்காரணம். ஆயினும் சறுக்குதல் பிரேக்குக்கு மாற்றாகாது. பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள் பிக்ஸட் சக்கரத்தோடு முன்சக்கரத்தில் ஒரு பிரேக் இருந்தாக வேண்டும் என்கின்றன; அதைச் சட்டத்துக்காக மட்டுமன்றித் தன் எலும்புக்காகவும் பொருத்திக்கொள்வதே அறிவுடைமை. முன்பிரேக் உள்ள வண்டியில் ஹப்பின் லாக்ரிங்குக்கு வரும் சுமையும் பெரிதும் குறைந்துவிடுகிறது.

சென்னை திரும்பியபின், அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் பழைய ஹெர்குலிஸ் சட்டம் ஒன்றில் பிக்ஸட் சக்கரம் கட்ட முனைந்தபோது எதிர்ப்பட்ட தடை, கம்பிகளின் எண்ணிக்கை. நம் ஊர்ச் சைக்கிள்களில் பின்சக்கரத்துக்கு 40 கம்பி, முன்சக்கரத்துக்கு 32 கம்பி என்பது பிரிட்டிஷ் காலத்து மரபு. வட்டத்தட ஹப்புகளோ பெரும்பாலும் 32 அல்லது 36 துளைகளோடு வருகின்றன. 40 துளை ரிம்மில் அவற்றைக் கோக்க முடியாது. ஆனால் முன்சக்கரத்துக்கென விற்கும் 32 துளை ரிம்மும் அதே 28 அங்குல அளவுதான் என்பதால் அதையே பின்சக்கரத்துக்கு எடுத்துக்கொண்டு, 32 துளை ஹப்போடு கோத்துவிட முடிந்தது. மூட்டை ஏற்றாத ஒருவருக்கு அந்த 32 கம்பிகள் தாராளமாகப் போதும். கோட்டம் எடுத்துத்தந்த தெருக்கோடிக் கடைக்காரர் ஹப்பின் இரட்டை மரையை விரலால் தடவிப் பார்த்து, எதிர்த்திசை வளையத்தின் வேலை என்ன என்று கேட்டார். பல்சக்கரத்தைப் பின்னோக்கித் திருகிக் காட்டியதும் வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவ்வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். 28 அங்குலச் சக்கரத்தில் அது 68 அங்குலம். அரிசி மூட்டையும் பால் கேனும் சுமந்த பழைய சைக்கிள்கள் பலவற்றில் இதே 44க்கு 18தான் இருந்தது. மேம்பாலங்களைத் தவிர மேடே இல்லாத நகரத்தில் இன்னும் பெரிய எண் வேண்டும் என்று வரைபடம் பார்ப்பவர் நினைக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிற்பகல் கடற்காற்றை எதிர்த்து மாமல்லபுரம் நோக்கி மிதித்தவருக்கு அந்த எண்ணம் எழாது. ஹப்பின் மறுபக்கத்தில் 18 பல் பிரீவீலே பொருத்தப்பட்டது. இரு பக்கமும் பல்லின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் திருப்பி மாட்டும்போது செயினின் நீளத்தையும் பிரேக்கையும் தொடவேண்டியதில்லை. பிரீவீலில் மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு நாக்குகளின் எண்ணிக்கையிலும், கழற்றும் கருவிக்கான பள்ளங்களின் ஆழத்திலும் தெரியும். 16 பல்லுக்குக் குறைந்த பிரீவீல் இந்த 1.37 அங்குல மரைக்குச் செய்யப்படுவதில்லை, அதற்குச் சிறிய மரையுள்ள வேறு ஹப் வேண்டும் என்பதையும் வாங்குமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

பிக்ஸட் கியரின் நேரடித் தொடர்பும் வேண்டும், மேட்டுக்குச் சிறிய கியரும் வேண்டும் என்போருக்காக நாட்டிங்காமின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் முன்பே மூன்று வேகப் பிக்ஸட் ஹப்பைச் செய்தது. நிறுவனம் தைவானுக்குப் போனபின் எஸ்3எக்ஸ் என்ற பெயரில் அது மீண்டும் வந்தது. மேல்வேகம் நேரடியானது, மற்ற இரண்டும் அதன் 75 விழுக்காடும் 62.5 விழுக்காடும் ஆகும். ஆனால் உள்ளே பற்கள் பலவற்றின் வழியே விசை கடந்து வருவதால், மிதிப்பதிலிருந்து எதிர்த்து அழுத்துவதற்கு மாறும் இடத்தில் ஒரு சிறு வெற்றிடம் காலுக்குத் தெரிகிறது. கொடைக்கானல் போன்ற மலைப்பாதைக்கு இதை வாங்குவதில் பொருளுண்டு. சென்னைக்கும் தஞ்சைச் சமவெளிக்கும் 17, 18, 19 பல் சக்கரங்கள் மூன்றும், கொக்கி ஸ்பேனர் ஒன்றும், ஆழமான இரட்டை மரை கொண்ட ஒரு ஹப்பும் அதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கின்றன.